எழுத்தைப் பெரிசாக்கினால் பட்டன் ஓடிப்போகிறது

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து போனில் எழுத்தைப் பெரிசாக வைத்துக் கொடுத்திருக்கிறேன். மற்ற ஆப் எல்லாம் அதற்கேற்ப மாறிக்கொள்கின்றன, பணம் அனுப்புகிற ஆப் ஒன்றைத் தவிர. செவ்வாய்பேட்டையில் மளிகைக் கடை வாசலில் நின்றுகொண்டு, "ஏன் கண்ணு, அனுப்பற பட்டனையே காணோமே" என்று போன் பண்ணுகிறார். பட்டன் எங்கும் போகவில்லை. பெரிய எழுத்து அதைத் திரைக்குக் கீழே தள்ளிவிட்டது, அந்தப் பக்கத்தை நகர்த்தவும் முடியாது! அதனால் எழுத்தைச் சின்னதாக்கி, பணம் அனுப்பி, திரும்பப் பெரிசாக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

எழுத்தை 200 சதவீதம் வரை, அதாவது இரண்டு மடங்காகப் பெரிசாக்கினாலும் எதுவும் விடுபடக் கூடாது என்று எல்லோரும் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) விதிகளில் 2008-லேயே எழுதிவிட்டார்கள். ஆப் செய்பவர்களுக்கு அதைப் பார்க்க என்ன கேடு?

இவர்கள் செய்தது என்னவென்றால், ஒரு மூலையில் 'சிறப்பு வசதி' என்று சக்கர நாற்காலி படம். அம்மா அதைத் தொடவே மாட்டார், "எனக்கென்ன ஊனமா?" என்பார். தனி வாசல் யார் கேட்டது, ஆள் வைத்திருக்கிற செட்டிங்குக்குத் தகுந்தபடி ஆப் வளைந்துகொடுத்தால் போதுமே.

சரி, நல்ல கண் உள்ள நான்? போன வாரம் ஏற்காடு பஸ்ஸில், 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் வெயில் அடிக்க, வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் எழுத்தைத் தேடினேன். தங்கும் அறை புக் ஆகவில்லை, ஓடிபி நேரம் முடிந்துவிட்டதாம்.