ஆமாம், அந்த அதிகப்பிரசங்கி நான்தான்

நேற்றைய குடியரசு தின விழாவில், மேடையில் பேசிய பெரியவர் ஒருவரை நான் எழுந்து திருத்திய வீடியோவைப் பார்த்துவிட்டு, காலையிலிருந்து ஆளாளுக்கு அறிவுரை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சரி, நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். "குடியரசு என்றாலும் மக்களாட்சி என்றாலும் ஒன்றுதான்" என்று அவர் சொன்னது தவறு. மைக்கில் சொன்னாலும் தவறு, பொன்னாடை போர்த்திக்கொண்டு சொன்னாலும் தவறு.

ஆள்பவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்களா என்று கேட்டால் அது மக்களாட்சி பற்றிய கேள்வி. நாட்டின் தலைமைப் பதவி பரம்பரைச் சொத்தா இல்லையா என்று கேட்டால் அது குடியரசு பற்றிய கேள்வி. பிரிட்டனில் தேர்தல் நடக்கிறது, ஆட்சி மாறுகிறது. ஆனால் நாட்டின் தலைவர் மன்னர் சார்லஸ். அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. ஜப்பான், நார்வே, ஸ்வீடன் எல்லாம் இதே கதைதான். மறுபக்கம் வடகொரியா. 'ஜனநாயகம்', 'மக்கள்', 'குடியரசு' மூன்றையும் பெயரிலேயே வைத்திருக்கிறது. ஆள்வது தாத்தா, மகன், பேரன்.

"நமக்கு இரண்டும் சேர்ந்துதானே வந்தது?" என்கிறார் ஒரு நண்பர். இல்லை ஐயா. 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகும் இந்தியாவின் மன்னர் ஆறாம் ஜார்ஜ்தான். ராஜாஜி கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்திருந்தது அவருடைய பிரதிநிதியாகத்தான். 1950 ஜனவரி 26 அன்று அந்த நாற்காலி போய், ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவர் ஆனார். முதல் பொதுத்தேர்தல் அதற்கும் அப்புறம், 1951-52இல். நம் அரசியலமைப்பின் முகப்புரையில் 'ஜனநாயகக் குடியரசு' என்று இரண்டு சொல்லும் இருக்கிறது. ஒன்றுதான் என்றால், மை மிச்சமிருந்ததால் எழுதினார்களா?

"குடிகளின் அரசு என்றுதானே தமிழில் பொருள் வருகிறது?" இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லைப் பிரித்தே பொருள் சொல்லிவிடலாம் என்றால், நாற்காலி என்பதில் ஆடும் மாடும் அடங்கும்.

"பெரியவரை மேடையிலேயே திருத்தலாமா? அவர் மனசு புண்படாதா?" புண்பட்டிருக்கும். எனக்குத் தெரியாதா என்ன? எட்டாம் வகுப்பில், பிரிட்டன் குடியரசு அல்ல என்று எழுதினேன். குறுக்கே சிவப்புக் கோடு. விடைத்தாளோடு போய்க் கேட்டதற்கு, "ராணிக்குச் சொந்தக்காரன் வந்துட்டான்" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அந்த ஒரு மார்க் வரவே இல்லை. பத்தாம் வகுப்பு முடியும்வரை என் பெயர் 'ராணி'.

அதனால்தான் நேற்று எழுந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தவில்லை, ஒருமையில் பேசவில்லை. ஒரே வாக்கியம். அதற்குத்தான் இத்தனை பாடம்.

அதே மேடையில், அதற்குப் பத்து நிமிடம் முன்னால், தலைவரின் மகனை "எங்கள் இளவரசே வருக" என்று வரவேற்றார்கள். குடியரசு தினத்தில்! வீடியோவில் அதுவும் இருக்கிறது. முதல் வரிசையில் எழுந்து நின்று கைதட்டுவது யார் என்று நிறுத்திப் பாருங்கள். எனக்கு நாகரிகம் சொல்லிக்கொடுத்த மூன்று பேர் அதில் இருக்கிறீர்கள்.