கேஸ் கீசரும் எக்ஸாஸ்ட் ஃபேனும்: பரவும் செய்தி தவறு

"சின்ன வீட்டில் கேஸ் கீசரை பாத்ரூமுக்குள்ளேயே மாட்டலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் போதும், ஆபத்து என்றால் வாடை வந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

வாடை வருவது எரியாமல் கசியும் கேஸில்தான். அதற்காகவே வாடைப்பொருள் கலக்கிறார்கள். ஆளைக் கொல்வது, காற்றுப் போதாமல் கேஸ் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை சுற்றும், கால் தளரும். தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தெம்பிருக்காது.

கணக்குப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர், மணிக்குச் சுமார் 900 கிராம் கேஸ் எரிக்கும். 10 நிமிடக் குளியலுக்கு 150 கிராம். அது எரிய ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்று வேண்டும். மதுரை மாசி வீதிப் பக்கத்துச் சந்து வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் 5க்கு 6 அடி பாத்ரூமில் மொத்தக் காற்றே 7 கன மீட்டருக்குள்தான்; அதில் கால் பங்குக்கு மேல் ஒரே குளியலில் போய்விடும். ஃபேன் ஓடினாலும் கதவு இறுக்கமாக மூடியிருந்தால் புதுக் காற்று எங்கிருந்து வரும்? புகைக்குழாய் இருந்தால் இன்னும் மோசம்: ஃபேன் இழுப்பில் புகை உள்ளேயே திரும்பும்.

கீசரை வெளிச்சுவரில், மழை படாமல் மாட்டுங்கள். சுடுதண்ணீரை, சூடு தாங்கும் சிபிவிசி குழாயில் கொண்டுவாருங்கள், சாதா பிவிசி இளகிவிடும். மேல்தொட்டி கீசரைவிட 2, 3 மீட்டராவது உயரத்தில் இல்லையென்றால், தண்ணீர் அழுத்தம் போதாமல் பல மாடல்கள் பற்றவே பற்றாது. அடுப்புக்குப் போகும் கேஸ் குழாயில் டி-ஜாயின்ட் போட்டு கீசருக்கு இணைப்பு எடுக்காதீர்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.