அழுத்தக்காரி

என் கல்யாண ஆல்பத்தில் தாலி ஏறும் நேரத்துப் படம் ஒன்று இருக்கிறது. கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பதினெட்டு ஆண்டுகளாக "என்ன பக்தி!" என்றே சொல்லிவந்தார்கள். பக்தியெல்லாம் ஒன்றும் இல்லை, கெட்டிமேளம். இரண்டு தவில்கள் என் முதுகுக்குப் பின்னால் ஐந்தடியில். காதைப் பொத்திக்கொள்ளக் கை துடித்தது. மணப்பெண் காதைப் பொத்தினால் ஊர் என்ன சொல்லும்? கண்ணையாவது மூடிக்கொள்வோம் என்று மூடிக்கொண்டேன்.

போன ஆண்டு, 43 வயதில், எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று முறைப்படி மதிப்பிட்டுச் சொன்னார்கள். மூளை வளர்ச்சியில் சிறு வயதிலிருந்தே இருக்கும் ஒரு வேறுபாடு அது; மற்றவர்களோடு பழகுவதும், ஒலியையும் தொடுதலையும் உணர்வதும் வேறு மாதிரி இருக்கும். நெருங்கிய இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன். "இந்த வயதில் அதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது?" என்றார் ஒருவர். "எல்லோருக்குமே கொஞ்சம் ஆட்டிசம் இருக்கத்தான் செய்கிறது" என்றார் மற்றவர். ஆறு மாதம் பேசாமல் இருந்த என்னை இந்த இரண்டு பதில்கள்தான் எழுத உட்கார வைத்தன.

தொடக்கம் தங்கை மகன். அவனை மதிப்பீட்டுக்கு அழைத்துப் போனபோது அம்மாவும் நானும் துணைக்குப் போனோம். நம் நாட்டில் ஆட்டிசத்தை மதிப்பிடுவதற்கென்றே ஐஎஸ்ஏஏ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது, 40 கூறுகள். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அம்மா பேரனை விட்டுவிட்டு என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். "இவளும் இப்படித்தான் இருந்தாள், இவள் படிக்கவில்லையா, வேலைக்குப் போகவில்லையா? இது எங்கள் வீட்டு வாகு." தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். கல்யாணம் ஆகியிருக்கிறது, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறீர்கள், என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்கள், உங்களுக்கு எப்படி ஆட்டிசம் இருக்கும் என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் மூக்குக்கண்ணாடியின் நடுக்கம்பியை. பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்ட வித்தை அது. மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வும் உண்மையாகவே இருந்தது, மாத்திரையும் ஓரளவு உதவியது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஏன் சோர்ந்துபோனேன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்புக்கு முன்னால் பேச வேண்டிய வாக்கியங்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்கிறவள் நான். அப்படி இருபது ஆண்டு வேலை பார்த்தால் யாருக்குத்தான் சோர்வு வராது?

பெண் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் ஒரு வினோதம் நடக்கிறது. பெரியவர்கள் கண்ணைப் பார்க்காமல் தலை குனிந்து நிற்கிறாளா? அடக்கமான பெண். விருந்தாளிகள் வந்தால் உள்ளே போய்விடுகிறாளா? கூச்ச சுபாவம், நல்ல வளர்ப்பு. விளையாடப் போகாமல் ஒரே புத்தகத்தை முப்பது முறை படிக்கிறாளா? படிப்பாளி. எனக்கு 25 வயது வரைக்கும் எல்லாமே நற்சான்றிதழ்தான். கல்யாணம் ஆன மறுநாள் அதே குணங்களுக்கு வேறு பெயர் வந்துவிட்டது. முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அழுத்தக்காரி. ராங்கி பிடித்தவள். மாமியார் வீட்டில் ஒரு நாளைக்குப் பதினைந்து பேர் வந்துபோவார்கள், பதினைந்து பேரிடமும் "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கவேண்டும். யாருக்கு எந்த அளவு சிரிப்பு, யாரிடம் எத்தனை நேரம் நிற்பது என்பதை நான் கணக்காகத்தான் போட்டுப் பார்க்கவேண்டியிருந்தது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை அடையாளம் காண்பதற்கான டிஎஸ்எம்-5 கையேட்டில் இதற்கு ஒரு வரி இருக்கிறது. அறிகுறிகள் சிறு வயதிலேயே இருந்திருக்கவேண்டும். ஆனால் பழக வேண்டிய சுமை ஒருவரின் சக்தியை மீறும்வரை அவை முழுதாக வெளியே தெரியாமல் போகலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம். படித்தவுடன் மாமியார் வீட்டுத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவை அளவுக்கு மீறி உறைப்பதையும் அந்தப் பதிப்பில்தான் அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதுவரை ஜரிகை குத்துகிறது என்று அழுகிற பெண் வெறும் பிடிவாதக்காரிதான்.

என் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. 1943-இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்த 11 குழந்தைகளில் எட்டுப் பேர் ஆண்கள். நான் பிறப்பதற்குச் சற்று முன்பு, 1980-இல் வந்த அதே கையேட்டின் பழைய பதிப்பில் அதன் பெயரே குழந்தைப் பருவ ஆட்டிசம். நன்றாகப் பேசுகிற, வகுப்பில் முதல் ஐந்துக்குள் வருகிற பிள்ளைகளுக்குப் பொருந்தும் ஆஸ்பெர்கர் என்ற பிரிவு 1994-இல்தான் உள்ளே வந்தது. அப்போது லால்குடிப் பக்கத்து கிராமத்தில் யார் போய் யாரிடம் கேட்டிருப்பார்கள்?

"அது குழந்தைகளுக்கு வருவதல்லவா?" என்று இப்போதும் கேட்கிறார்கள். கானரின் கட்டுரையில் முதலாவதாக வந்த சிறுவன் டொனால்ட் டிரிப்லெட், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் விளையாடி, 2023-இல் 89 வயதில்தான் காலமானார். பிள்ளைகள் வளர்வார்கள் என்பது இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏனோ நமக்கு மறந்துபோகிறது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரசுக் காகிதங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மிக்சி, மூன்றாவது மேசையில் ஒருவர் பேனாவைத் தட்டுவது, குழல்விளக்கின் ரீங்காரம் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வதுதான் என் பிரச்சினையே. புற உலகம் கொஞ்சம் விலகி நின்றால் நான் கும்பிடுவேன்.

இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்களை நானும் நிரப்பிப் பார்த்தேன். கேம்பிரிட்ஜ்காரர்கள் 2001-இல் வெளியிட்ட 50 கேள்விகள் கொண்டதுதான் பிரபலம். அதில் ஒன்று: அருங்காட்சியகத்தைவிட தியேட்டருக்குப் போவது பிடிக்குமா? அவர்கள் நாடக அரங்கைச் சொல்கிறார்கள். நான் திருவெறும்பூர் சினிமாக் கொட்டகையை நினைத்து வெகுநேரம் விழித்தேன். விருந்துக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போக விரும்புவீர்களா என்று இன்னொன்று. என் ஊரில் போகிற விருந்து என்றால் காதுகுத்தும் வளைகாப்பும்தான், அங்கே போக விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை. இந்தத் தாள்கள் மருத்துவரிடம் போகலாமா என்று முடிவு செய்ய உதவும். அதற்கு மேல் அவற்றை நம்பவேண்டாம். சமூகப் பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு (ஏடிஎச்டி), எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) எல்லாமே மேலோட்டமாக இதே சாயலில் இருக்கும். ஆட்டிசம் என்று நம்பிப் போன ஒருவருக்குக் கவனக்குறைவுக் கோளாறு என்று தெரிந்து, சரியான சிகிச்சை கிடைத்து, இப்போது நன்றாக இருக்கிறார். 'இல்லை' என்ற பதிலும் பதில்தான்.

இரண்டாவதாகப் போனது வேறு ஊரில் ஒரு மருத்துவ உளவியலாளரிடம். பெரியவர்களை மதிப்பிட்டுப் பழக்கம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் போனேன், நீங்களும் கேளுங்கள். மூன்று அமர்வுகள். செலவு ஒரு மாத வீட்டு வாடகை. படங்கள் மட்டும் உள்ள ஒரு புத்தகத்தைக் கொடுத்துக் கதை சொல்லச் சொன்னார். நட்பு என்றால் என்ன, தனிமை என்றால் என்ன என்று கேட்டார். பிறகு, உங்கள் சிறு வயதை நன்றாக அறிந்த ஒருவரை அழைத்துவர முடியுமா என்றார்.

இந்தப் பதிவை எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான். பெரியவர்களின் மதிப்பீட்டில் பாதி வேலை குழந்தைப் பருவத்தைத் தோண்டுவது. அதற்கு நம்மிடம் ஆவணம் ஏது? தடுப்பூசி அட்டையே கிடையாது. ஆனால் வசவுகள் இருக்கின்றன. அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். விளிம்பு நசுங்கிய ஒரு தட்டில் மட்டும்தான் சாப்பிடுவேன் என்பதால் 'தட்டுக்காரி'. டிபன் டப்பாவை மாற்றியதற்காக மூன்றாம் வகுப்பில் நான்கு நாள் பட்டினி கிடந்ததால் 'வீம்புக் கழுதை'. விருந்தாளி வந்தால் மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றதால் 'ஊமைக் கோட்டான்'. உளவியலாளர் ஒவ்வொரு வசவுக்கும் எத்தனை வயதில், எவ்வளவு நாள், எந்தச் சூழலில் என்று கேட்டு எழுதிக்கொண்டார். என் மருத்துவக் குறிப்பேட்டை அம்மா நாற்பது ஆண்டுகளாக வாயிலேயே வைத்திருந்திருக்கிறாள். அவளுக்கு வயது 71. அவளைவிட அதிகம் நினைவு வைத்திருந்தவர் அப்பா; அவர் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சந்தேகம் இருக்கிறவர்கள் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பெற்றோர் இல்லையென்றால் அக்கா, அண்ணன், பழைய ஆசிரியர், ரேங்க் அட்டையில் எழுதிய ஒரு வரி, எதுவானாலும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

என்ன ஆகப் போகிறது என்று கேட்டவருக்கு: ஆட்டிசத்துக்கென்று மாத்திரை எதுவும் இல்லை, நான் அதைத் தேடியும் போகவில்லை. அலுவலகத்தில் சுவரோரம் இடம் கேட்டேன், கொடுத்தார்கள். கல்யாணங்களுக்குக் காதடைப்பானோடு போகிறேன். உறவினர் கூட்டம் முடிந்தபின் நான் ஒரு நாள் பேசாமல் இருந்தால் அது கோபம் இல்லை என்று என் கணவருக்கு இப்போது தெரியும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. சான்றிதழ் வேண்டுமென்றால் அது தனி நடைமுறை, நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கிறது என்றவருக்கு: சித்திரை வெயில் எல்லோருக்கும்தான் சுடுகிறது. செருப்பில்லாமல் தார்ச்சாலையில் நிற்கிறவளிடம் வந்து அதைச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது அமர்வுக்கு அம்மா பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கிக்கொண்டு வந்திருந்தாள். எட்டு வயது முதல் நான் கிழித்துச் சேர்த்த தினசரி காலண்டர் தாள்கள், ஆண்டுவாரியாக நூல் கட்டி. அவள் அதைத் தூக்கிப் போடவில்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். உளவியலாளர் ஒரு கட்டைப் பிரித்து, நான்கைந்து தாள்களை ஆர்வமாகப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். ஆகஸ்ட் 9 ஆகஸ்ட் 12-க்குப் பின்னால் போய்விட்டது. அவர் அறிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். என் காதில் எதுவும் விழவில்லை. கடைசியில் கையை நீட்டி, தாளை எடுத்துச் சரியான இடத்தில் செருகினேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, மூடிவைத்த பேனாவை மறுபடியும் திறந்தார்.