கையெழுத்து போட்டது யார்?

போனுக்குள் ரகசியமாகப் புகும் பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றிய வழக்கில், 2025 ஏப்ரல் 29 செவ்வாய்க்கிழமை உச்ச நீதிமன்ற நீதிபதி கேட்ட ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்துக் கொண்டாடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாடு உளவு மென்பொருள் வைத்திருந்தால் என்ன தப்பு என்று கேட்டார், சரி. யார் மேல் பயன்படுத்தினார்கள் என்பதுதான் கேள்வி என்றும் அங்கேயே சொன்னார். அந்தப் பாதியை யாரும் மீம் போடக் காணோம்.

இதை நேற்று இங்கே பதிவாகப் போட்டதற்குத்தான் அத்தனை சிரிப்பு எமோஜி. என் பெரியப்பா மகனே வந்து, "உன் போன்ல என்னம்மா இருக்கப் போகுது, வத்தக்குழம்பு ரெசிபியா?" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என் பதிவைவிட அதற்கு லைக் அதிகம்.

ஆமாம் அண்ணா, ரெசிபி இருக்கிறது. அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கிறது. உங்கள் மகள் வரன் விஷயமாக அண்ணி ராத்திரி அழுதுகொண்டே அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் இருக்கிறது. நாலு பேருக்குப் போட்டுக் காட்டட்டுமா?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கையெழுத்து போட்டது யார்? போனை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும், அதைச் சரிபார்க்க ஒரு குழு வேண்டும் என்று 1996-ல் பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது வேறு கதை, காகிதமாவது இருக்கிறது. பெகாசஸ் மாதிரி ஒன்று உள்ளே புகுந்தால் பேச்சோடு நிற்காது. கேமராவையும் மைக்கையும் தானே இயக்கும். வாட்ஸ்அப் எவ்வளவு பூட்டி அனுப்பினாலும் போனுக்குள் இருந்தே செய்தியை எடுத்துக்கொள்ளும். நாம் எந்த லிங்க்கையும் தொடக்கூட வேண்டாம். அடுத்தவர் கம்ப்யூட்டரில் அனுமதியில்லாமல் வைரஸ் ஏற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை. அரசாங்கம் ஏற்றினால்? எந்தப் பிரிவில்? யார் கையெழுத்தில்?

பெகாசஸ் புகாரை விசாரிக்க 2021-ல் உச்ச நீதிமன்றம் போட்ட குழு 29 போன்களைப் பார்த்தது. 5 போன்களில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் சொன்னது. கோர்ட்டில் அரசு வாங்கினோம் என்றும் சொல்லவில்லை, வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை. தயாரித்த என்எஸ்ஓ கம்பெனியோ அரசாங்கங்களுக்கு மட்டும்தான் விற்போம் என்கிறது. 2019-ல் வாட்ஸ்அப் வழியாகத் தாக்கப்பட்டவர்களில் 100 பேர் இந்தியாவில் இருந்தவர்கள் என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் வந்திருக்கிறது. இது எந்த அரசாங்கத்தின் வேலை? மாலத்தீவா?

நான் படித்த காலத்தில் எங்கள் விடுதி வார்டன் எல்லோர் கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். பெண்பிள்ளைகள் பாதுகாப்புக்காம். அப்பா தொழில் நொடித்துக் கடன்காரர்கள் வீட்டுக்கு வந்ததை அம்மா ஒருமுறை எழுதியிருந்தாள். கடிதம் என் கைக்கு வரும் முன்பே மெஸ்ஸில் பேச்சு வந்துவிட்டது. இனிமேல் இன்லேண்டில் ரெண்டு வரி எழுதினால் போதும் என்று அம்மாவிடம் சொன்னேன். படிப்பு முடியும்வரை மழை பெய்ததையும் மாடு கன்று போட்டதையும்தான் எழுதினாள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது எனக்கு லீவில் போன பிறகுதான் தெரியும். எங்கள் வீட்டில் என்ன தேசத்துரோகம் நடந்தது, மறைப்பதற்கு?

காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்ற நேரத்தில் இதைப் பேசலாமா என்கிறீர்கள். எனக்கும்தான் வயிறு எரிகிறது. கொன்றவன் போனில் எதை வேண்டுமானாலும் ஏற்றுங்கள், உத்தரவை எழுதி வைத்துவிட்டு ஏற்றுங்கள். ஆனால் பெகாசஸ் குறிவைத்திருக்கலாம் என்று 2021-ல் கசிந்த பட்டியலில் வந்த போன் எண்கள் யாருடையவை? பத்திரிகையாளர்கள், ராகுல் காந்தி, தேர்தல் ஆணையராக இருந்த அசோக் லவாசா, 2019-ல் தலைமை நீதிபதியாக இருந்தவர் மேல் பாலியல் புகார் கொடுத்த பெண், அவர் வீட்டு மனிதர்கள். இவர்களா துப்பாக்கி தூக்கினார்கள்?

காங்கிரஸ் காலத்தில் நடக்கவில்லையா? நடந்திருக்கும், அவர்களையும் கேளுங்கள். கூகுள் எடுக்கவில்லையா? எடுக்கிறது. கூகுள் விடியற்காலையில் வந்து என்னைக் கைது செய்யாது.

உள்ளே புகுந்து நம் செய்தியைப் படிப்பதோடு போனால்கூடப் பரவாயில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமியை, மாவோயிஸ்ட் தொடர்பு என்று குற்றம்சாட்டி, 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் கைது செய்தபோது அவருக்கு 83 வயது. பார்க்கின்சன் நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழல் கேட்டு கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-ல் ஜாமீன் கிடைக்காமலே போய்ச் சேர்ந்தார். மறுவருஷம் டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்செனல் தடயவியல் நிறுவனம் சொன்னது: 2014-லிருந்தே அவர் கம்ப்யூட்டருக்குள் யாரோ இருந்திருக்கிறார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், போலீஸ் அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துப்போவதற்கு முந்தின ராத்திரி தடயத்தை அழிக்கப் பார்த்திருக்கிறார்கள். நெட்வயர் என்ற மலிவுச் சரக்கு, பெகாசஸ்கூட இல்லை. அந்த யாரோ யார் என்று ஆர்செனல் சொல்லவில்லை. வழக்கை நடத்தும் தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ இந்த அறிக்கைகளையே ஏற்கவில்லை.

சரி, ஏற்க வேண்டாம். போலீஸ் வரப்போவது முந்தின ராத்திரியே அந்த யாரோவுக்கு எப்படித் தெரிந்தது என்றாவது விசாரிக்கக் கூடாதா? மறைக்க எதுவும் இல்லாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டீர்களே, அந்தக் கிழவர் என்னத்தை மறைத்தார்? வைத்தது அவரில்லை என்றல்லவா அறிக்கை சொல்கிறது?

இதற்கும் சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். "சரியாச் சொன்னீங்க மேடம், கவர்மென்ட் உத்தியோகம், லைக் போட முடியலை" என்று இன்பாக்ஸில் வந்து எழுதினவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் மெசேஜை என் பக்கம் அழித்துவிட்டேன். நீங்களும் அழித்துவிடுங்கள்.