டப டபன்னு தட்டுற அந்த கீபோர்டு சத்தம்

நேத்து ராத்திரி தெரிஞ்ச பையன் ஒருத்தன் போன் பண்ணினான், சாஃப்ட்வேர் வேலைக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ கொடுத்துக்கிட்டு இருக்கான். "அண்ணா, மூணாவது ரவுண்டுல ப்ளாங்க் ஆயிட்டேன்ணா". கேள்வி என்னடான்னா லிங்க்டு லிஸ்ட்ட, அதான் சங்கிலி மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்து வச்ச டேட்டாவ, தலைகீழா ரிவர்ஸ் பண்ற கோட் எழுதணுமாம். அத தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எழுதிருவான் அவன், நானே பாத்திருக்கேன். "நல்லாதாண்ணா ஆரம்பிச்சேன், திடீர்னு அந்தப் பக்கம் இன்டர்வியூ எடுக்குறவரு கீபோர்டுல டப டபன்னு தட்ட ஆரம்பிச்சாரு, ஆஹா நம்மளப் பத்திதான் ஏதோ தப்பா எழுதுறாருன்னு தோணிருச்சு, அப்புறம் கையே ஓடல".

சிரிப்பு வந்துச்சு, கூடவே வயித்தையும் கலக்கிருச்சு, ஏன்னா எனக்கும் இது நடந்திருக்கு. ஒரு பெரிய கம்பெனி, பேரு வேணாம், மொத்தம் அஞ்சு ரவுண்டு. நாலாவதுல வந்தவரு கேமராவே ஆன் பண்ணல. கறுப்பா ஒரு கட்டம், நடுவுல அவரு பேரோட மொத எழுத்து, அவ்ளோதான். அந்த எழுத்தப் பாத்தே முக்கால் மணி நேரம் பேசுனேன்! பைனரி சர்ச்தான் கேட்டாரு, வரிசையா அடுக்குன லிஸ்ட்ட பாதி பாதியா வெட்டித் தேடுறது. தேடுற பகுதியோட ஆரம்பம் லோ, நடு மிட்; லோ-வுக்கு மிட் ப்ளஸ் ஒன்னு போடணும், நான் வெறும் மிட்னு போட்டு வச்சிருக்கேன், ரன் அழுத்துனா லூப்பு முடியாம சுத்துது. நான் வேற எங்கெங்கயோ மாத்திப் பாக்குறேன், ரெண்டு தடவ சிரிச்சு சமாளிக்கிறேன், அந்தப் பக்கம் மூச்சு சத்தம் கூட இல்ல. கடைசில "ஓகே, எனி கொஸ்டின்ஸ் ஃபார் மீ?"ன்னு ஒரு குரல். வீடியோ கால் கட் ஆகி பத்து செகண்ட் கூட ஆகல, அந்த ப்ளஸ் ஒன்னு பளிச்சுனு தெரிஞ்சுது. யாரும் பாக்கலேன்ன உடனே மூளை திரும்பி வந்துருச்சு.

இது என் ஒருத்தன் புலம்பல் இல்ல. 2020ல நார்த் கரோலினா ஸ்டேட் யூனிவர்சிட்டி ஆளுங்களும் மைக்ரோசாஃப்டும் சேந்து 48 பேர வச்சு இதையே டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க. பாதிப் பேருக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னு பாத்துக்கிட்டே இருப்பாரு, மீதிப் பேரு அதே மாதிரி கணக்க தனி ரூம்ல போடணும். ஆள் பாத்துக்கிட்டு இருந்த குரூப்போட பெர்ஃபாமன்ஸ் பாதிக்கும் கீழ போயிருச்சு. அந்த குரூப்புல இருந்த பொண்ணுங்கள்ல ஒருத்தர் கூட பாஸ் ஆகல, தனி ரூம்ல போட்ட பொண்ணுங்க எல்லாருமே பாஸ். சின்ன சாம்பிள்தான், அத வச்சு ஊருக்கே தீர்ப்பு சொல்ல முடியாது, ஆனா படிச்சப்ப எனக்கு சுருக்குனு இருந்துச்சு.

உடனே ஒருத்தர் வருவாரு, "ப்ரெஷர்ல வேலை பாக்கத் தெரியணும்ல?"ன்னு. சார், ராத்திரி ரெண்டு மணிக்கு ஜனங்க யூஸ் பண்ணிக்கிட்டு இருக்குற லைவ் சிஸ்டம், அதாவது ப்ரொடக்‌ஷன் விழுந்தா அதுவும் ப்ரெஷர்தான், ஒத்துக்குறேன். ஆனா அப்ப என்ன நடந்துச்சுன்னு சிஸ்டமே எழுதி வச்ச லாக் இருக்கு, கூகுள் இருக்கு, கான்ஃபரன்ஸ் கால்ல நம்மகூட நாலு பேரு இருக்காங்க, ஒருத்தன் "நேத்து போட்ட புது வெர்ஷன ரோல்பேக் பண்ணி பழசுக்கே போய்ப் பாரு"ம்பான். வாயத் தொறக்காம நமக்கு மார்க் போட்டுக்கிட்டு எவனும் பக்கத்துல உக்காந்திருக்க மாட்டான். ரெண்டும் எப்படிங்க ஒண்ணாகும்?

விமானத்துக்குள்ள எத்தன கோல்ஃப் பந்து போடலாம்னு முன்னாடி ஒரு டைப் கேள்வி இருந்துச்சே, அதெல்லாம் சுத்த டைம் வேஸ்ட்டு, கேக்குறவரு தன்ன புத்திசாலின்னு நெனச்சுக்கத்தான் உதவும்னு அப்ப கூகுளோட ஹெச்ஆர் தலைவரா இருந்த லாஸ்லோ பாக் அவரே 2013ல சொல்லிட்டாரு. கேள்வி மாறிருச்சு, கேக்குறவங்க தோரண அப்படியேதான் இருக்கு.

ரிஜெக்ட் மெயில் கூட வராம மாசக்கணக்கா காத்திருக்கிற கதைய இங்க ஆரம்பிச்சா முடியாது, அது தனிப் பதிவு.

சரி, என் பக்கமும் சொல்லிடணும்ல. இப்போ நானும் இன்டர்வியூ எடுக்குறேன், எடுக்க ஆரம்பிச்ச புதுசுல நானும் அந்தக் கறுப்புக் கட்டமாத்தான் இருந்தேன். திமிரெல்லாம் இல்ல. அடுத்த விண்டோல எங்க கோட் ஒழுங்கா சேராம பில்டு உடைஞ்சு கெடக்கும், டீம்ல ஒருத்தன் மெசேஜா போட்டுத் தள்ளுவான், இங்க ஒருத்தர் உயிரக் கொடுத்து கோட் அடிச்சிக்கிட்டு இருப்பாரு, நான் அங்க பதில் தட்டிக்கிட்டு இருப்பேன். இப்பல்லாம் ஆரம்பத்துலயே சொல்லிடுறேன், "நான் டைப் பண்ணா அது நோட்ஸ்தான், நீங்க சொல்றதத்தான் எழுதிக்கிறேன், இப்ப பத்து நிமிஷம் மியூட்ல போறேன், தனியா யோசிங்க, மாட்டிக்கிட்டா கூப்பிடுங்க". பாதிப் பேருக்கு அத கேட்டதுமே தோள் கொஞ்சம் கீழ எறங்குறது கேமராலயே தெரியும்.

இத அப்படியே அந்தப் பையன்கிட்ட சொன்னேன். "டேய், அவரு உன்னப் பத்தி எழுதிருக்கவே மாட்டாருடா, ஆபீஸ் சாட்ல யாருக்காவது ரிப்ளை போட்டுக்கிட்டு இருந்திருப்பாரு, மனசுல வச்சுக்காத". ஆறுதலா இருக்கும்னுதான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டான், "அப்ப அவரு நான் எழுதுனத பாக்கவே இல்லையாண்ணா?"