சார்ஜிங் பின் போய்விட்டதாம்!

கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லை என்று பழுதுபார்க்கும் கடையில் நீட்டினால், சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்து ஒரு முறை எட்டிப் பார்ப்பதற்கு முன்பாகவே, "பின் போயிடுச்சு சார், மாத்தணும்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. என் அம்மாவின் கைப்பேசிக்கும் அதே தீர்ப்புத்தான் கிடைத்தது. வீட்டுக்கு எடுத்து வந்து பல்குச்சியால் மெல்லச் சுரண்டியபோது வெளியே வந்ததோ, கைப்பையின் துணி நூலும் தூசியும் சேர்ந்து இறுகிப்போன ஓர் அழுக்குக் கட்டி மட்டுமே. அதன் பிறகு கேபிள் 'டிக்' என்று உள்ளே அமர்ந்தது, சார்ஜும் ஏறியது. அப்படியானால் எதை மாற்றுவதற்காகக் கடைக்காரர் பணம் கேட்டார்?

இதில் மர்மம் எதுவும் இல்லை. சட்டைப்பையிலும் கைப்பையிலும் கிடக்கும் கைப்பேசியின் துளைக்குள் பஞ்சுத்தூசி புகுகிறது. ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அதை நாமே உள்ளே தள்ளி, அடிச்சுவரோடு கெட்டியாக்கிவிடுகிறோம். நாளடைவில் கேபிள் முழுதாக நுழையாமல் சற்றே வெளியே நிற்கிறது, தொட்டாலே கழன்று விழுகிறது, ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் சார்ஜ் ஏறுகிறது. இப்போதைய பெரும்பாலான கைப்பேசிகளில் இருக்கும் சார்ஜ் துளையான யூஎஸ்பி-சி போர்ட்டை 10,000 முறை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்பது அதன் தர விதி. நாளுக்கு மூன்று முறை செருகினாலும் ஒன்பது ஆண்டுகள் ஓட வேண்டியது, வாங்கிய மறு வருடமே தேய்ந்துவிட்டது என்று சொன்னால் எப்படி நம்புவது? (கேபிளோடு கீழே விழுந்தோ, நீர் புகுந்து பச்சைப்பூத்தோ உண்மையிலேயே கெட்டுப்போகும் போர்ட்டுகளும் உண்டு. அவற்றுக்குக் கடைதான் கதி.)

கடைக்காரரைவிட எனக்கு அதிகக் கோபம் வருவது தயாரிப்பாளர்கள் மீதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும், கேபிளில் சார்ஜ் ஏறும் கைப்பேசிகள் எல்லாவற்றிலும் இதே யூஎஸ்பி-சி துளைதான் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. ஆனால் அந்தத் துளையில் அழுக்கு சேரும், அதை இன்னபடி எடுக்க வேண்டும் என்று பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைக்க எவருக்கும் மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக சிம் தட்டைத் திறக்க ஓர் இரும்பு ஊசியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதையே எடுத்துச் சார்ஜ் துளையைக் குடைகிறார்கள். அது கிடைக்காவிட்டால் ஊக்கு, குண்டூசி, கொண்டை ஊசி. யூஎஸ்பி-சி துளையின் நடுவே மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது. அதன் இரு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டாக, கேபிளோடு மின்தொடர்பு ஏற்படுத்தும் 24 தொடுமுனைகள் இருக்கின்றன. உலோக ஊசி பட்டால் அவற்றின் மேற்பூச்சு கீறிப்போகும், நாக்கு வளையும் அல்லது உடையும், கைப்பேசி இயங்கிக்கொண்டிருந்தால் மின்குறுக்கும் (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படலாம். பஞ்சாக இருந்த பிரச்சினை அப்போதுதான் நிஜமாகவே 'பின் போன' பிரச்சினையாக மாறுகிறது!

காணொளிகளில் உபதேசம் செய்பவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. வாயால் ஊது என்கிறார் ஒருவர். ஊதினால் எச்சிலின் ஈரம் உள்ளே போகும். கைச்சுத்திகரிப்பானை ஊற்று என்கிறார் இன்னொருவர். அதில் நீரும் பிசுபிசுப்பும் இருப்பது அவருக்குத் தெரியாது போலும். நனைந்த கைப்பேசியை அரிசிக்குள் புதைக்காதீர்கள், துகள்கள் உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்த பிறகும் அரிசி டப்பாவைத் திறக்கச் சொல்லும் கூட்டம் குறையவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கேபிளைக் கழற்றிக் கைப்பேசியை முழுமையாக அணைத்துவிட்டு, துளையை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காய்ந்த மரப் பல்குச்சியின் நுனியைத் தட்டையாக மெலிதாகச் சீவிக்கொண்டு, துளை தரையைப் பார்க்கும்படி பிடித்து, நடு நாக்கைத் தொடாமல், வெளிச்சுவரை ஒட்டியே நுழைத்து, மூலையில் இறுகிய பஞ்சை நெம்பாமல் வெளிப்பக்கமாக வாரி எடுக்க வேண்டும். குச்சி முறிந்து உள்ளே சிக்கினால் வேறு வினை வரும் என்பதால் அவசரமோ அழுத்தமோ கூடாது. பழைய ஐபோன்களின் லைட்னிங் துளையில் நடு நாக்கு கிடையாது. அங்கே தொடுமுனைகள் சுவரை ஒட்டியே இருப்பதால் இன்னும் மெதுவாகச் சுரண்ட வேண்டும். மிச்சத் தூசிக்கு உலர்ந்த மென்மையான தூரிகை போதும். கேபிளின் முனையையும் துடைத்துவிட்டு, வேறொரு கேபிளிலும் சார்ஜரிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்போதும் ஏறாவிட்டால் கடைக்குப் போவேன். ஆனால் இனி எந்தக் கடைக்காரரும் என் கண்முன்னே டார்ச் அடித்து, எந்தத் தொடுமுனை போயிருக்கிறது என்று காட்டிய பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும் என் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.