ஓட்டம் வேறு, உயரம் வேறு
தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறவர் வழிகாட்டியோடு போனால் நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கம் இருக்கும் ஐலண்ட் பீக் சிகரத்தில் ஏறிவிடலாம் என்று இந்தக் கட்டுரையில் இருக்கிறது. என் அனுபவம் அப்படி இல்லை. ஆறு மாதம், வாரம் தவறாமல் முதுகில் 10 கிலோ பையோடு கிருஷ்ணகிரி கோட்டை மலை ஏறி இறங்கினேன், லீவு கிடைத்தால் வத்தல்மலை. காலுக்கும் மூச்சுக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாங்கள் பணம் கட்டிய நிறுவனம் வழியில் 3,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் நாம்சே பஜாரில், உடம்பு உயரத்துக்குப் பழகத் தங்கவேண்டிய ஓய்வு நாளை வெட்டிவிட்டது. 4,410 மீட்டரில் டிங்போச்சே போய்ச் சேர்ந்த இரவே எனக்கு உயர நோய்: மண்டை பிளக்கிற வலி, வாந்தி. குழுவில் வேகமாக நடந்தவன் நான்தான், அதுவும் தப்பு என்று அப்புறம்தான் புரிந்தது. எங்களோடு வந்த அரூர்க்காரர் ஒருவர், வயது 58, ஆடி அசைந்து நடந்தே 6,189 மீட்டர் உச்சியைத் தொட்டார். என்னை ஷெர்பா வழிகாட்டி மறுநாள் காலையிலேயே கீழே இறக்கினார், அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். உயர நோய் வராமலிருக்க டயமாக்ஸ் மாத்திரை போட்டால் போதும் என்று மேலே கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: அது உயரத்துக்கு உடம்பு பழகுவதைக் கொஞ்சம் விரைவாக்கும், சரி, ஆனால் நாள் கணக்கைக் குறைக்க உதவாது. 3,000 மீட்டருக்கு மேலே போனால் இரவில் படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு வேண்டும். முன்பணம் கட்டும் முன் பயணத் திட்டத்தில் இதை எண்ணிப் பாருங்கள்.